600 வரியா, 800 வரியா? பழைய கன்சோல்களுக்குத் தொழில்முறை சிஆர்டி மானிட்டரும் கேபிளும்

கதிர்வரி (தொடக்கப் பதிவு)

என்னிடம் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறை) வகை சூப்பர் நின்டெண்டோ, பால் (PAL, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை) வகை மெகா டிரைவ் முதல் மாடல், முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 ஆகிய நான்கு கன்சோல்கள் இருக்கின்றன. இவற்றை இணைக்க ஒரு தொழில்முறை சிஆர்டி (பழைய படக்குழாய்) மானிட்டர் வாங்க விரும்புகிறேன். இப்போது என் கைக்கு எட்டும் நிலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று மருத்துவமனையில் பயன்பட்ட சோனி 20எம்2 வகை. 20 அங்குலம், 600 வரித் தெளிவு, 15 கிலோஹெர்ட்ஸ் (பழைய தொலைக்காட்சிகளின் வரி வேகம்) சிக்னலை மட்டுமே ஏற்கும். மற்றது ஒளிபரப்பு நிலையம் ஒன்றிலிருந்து வந்த சோனி 20எல்5. 800 வரி, 480பி, 720பி, 1080ஐ வரை ஏற்கும் (எண் ஸ்கேன் வரிகளைக் குறிக்கும்; பி என்றால் எல்லா வரிகளும் ஒருசேர, ஐ என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தடவையில் வரையப்படும்). முதலாவதன் படம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கிறது. வெள்ளை எழுத்துகளின் வலப்புறம் லேசாக வழிந்தது போலவும் தெரிகிறது. இணையத்தில் படித்த அளவில் எல்லோரும் இரண்டாவதையே உயர்த்திப் பேசுகிறார்கள். எதை எடுப்பது, எந்தக் கேபிள்கள் வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்வலை

முதலில் வரி எண்ணிக்கையைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 600, 800 என்று சொல்லப்படுவது படத்தின் மேலிருந்து கீழாக எண்ணும் ஸ்கேன் வரி அன்று. படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள், கறுப்பையும் வெள்ளையையும் தனித்தனியாக எண்ணும்போது, எத்தனை செங்குத்துக் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்பதே அந்தக் கணக்கு. சூப்பர் நின்டெண்டோவின் பெரும்பாலான ஆட்டங்கள் குறுக்கே 256 புள்ளிகளில் வரையப்பட்டவை. 4:3 திரையில் அகலத்தின் முக்கால் பங்குதான் உயரம் என்பதால், தேவைப்படுவது 192 கோடுகள் மட்டுமே. மெகா டிரைவின் 320 புள்ளிகளுக்கு 240 கோடுகள் போதும். பிளேஸ்டேஷன் 2 வழக்கமாகத் தரும் 640 புள்ளிகளுக்குக்கூட 480 கோடுகள்தாம் வேண்டும். ஆக, 600 வரி மானிட்டர் காட்டாமல் விட்டுவிடும் நுணுக்கம் என்று உங்கள் நான்கு கன்சோல்களிலும் எதுவும் இல்லை.

அப்படியென்றால் 800 வரிக்கு என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். தெளிவு கூடிய குழாய்களில் எலெக்ட்ரான் கதிர் விழும் தடம் மெல்லியதாக இருக்கும். 20 அங்குலத் திரையில் 240 வரிகளைப் பரப்பினால் ஒவ்வொரு வரிக்கும் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கதிரின் தடம் அதைவிட மெல்லியதாக ஆக ஆக, வரிகளுக்கு நடுவே உள்ள கறுப்பு இடைவெளி அகன்று தெரியும். 800 வரிக் குழாயில் இந்த இடைவெளி கூர்மையாகவும், 600 வரிக் குழாயில் சற்று மிருதுவாகவும் இருக்கும். இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம். தரத்தை அளக்கும் கோல் அன்று. 900 வரிக்கு மேற்பட்ட ஒளிபரப்பு வரிசை மானிட்டர்களில் இடைவெளி இன்னும் அழுத்தமாக இருப்பதால், அருகில் உட்கார்ந்து ஆடுபவர்கள் சிலர் அதை விரும்புவதில்லை.

மெகா டிரைவ் வைத்திருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கன்சோலில் உண்மையான ஒளி ஊடுருவல் வசதி இல்லாததால், கலைஞர்கள் செங்குத்துக் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்து, காம்போசிட் சிக்னல் (ஒளியளவும் நிறமும் ஒரே கம்பியில் வருவது) அவற்றைக் குழைத்துவிடும் என்று நம்பி வேலை செய்தார்கள். சோனிக் ஆட்டத்தின் அருவி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வருவது) வழியாகப் பார்த்தால் அருவி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். மானிட்டரின் பின்புறம் காம்போசிட் நுழைவு எப்படியும் இருக்கும். ஒரு மஞ்சள் முனைக் கேபிளையும் வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை முடிவு செய்யலாம்.

சாலிடர்முனை

நீங்கள் விவரித்த இரண்டு அறிகுறிகளும் தேய்ந்த படக்குழாயைக் காட்டுகின்றன. கேத்தோடின் (குழாயில் எலெக்ட்ரானை வெளியிடும் பகுதி) மேற்பூச்சு வலுவிழந்துவிட்டால் எலெக்ட்ரான் வெளிப்படுவது குறைகிறது. அதனால்தான் வெளிச்சம் வரத் தாமதமாகிறது. வெள்ளைப் பகுதிகள் கூர்மை இழந்து ஒரு பக்கமாக வழிகின்றன. மூன்று வண்ணத் துப்பாக்கிகளும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதால், இருண்ட சாம்பல் திரையைப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு சாயல் ஏறியிருப்பதும் பெரும்பாலும் தெரியும். கப்பாசிட்டர்களை மாற்றுவதால் இது சரியாகாது. குழாயையே மாற்ற வேண்டும்; இந்த மானிட்டருக்கான புதிய குழாய்களை யாரும் இப்போது தயாரிப்பதில்லை. ஆகையால் மாடல் பெயர் எதுவாக இருந்தாலும், நல்ல குழாயுள்ள 20எம்2 கண்ணெதிரே இருக்கும்போது தேய்ந்த 20எல்5 வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இருந்தாலும் முடிவு செய்வதற்கு முன் இரண்டையும் முறையாகச் சோதித்துவிடுங்கள். 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருள் பல பழைய கன்சோல்களில் இயங்குகிறது. அதில் நமக்குத் தேவையான எல்லாத் திரைகளும் இருக்கின்றன. மானிட்டரை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, முழுதும் சூடேறிய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

கட்டக்கோட்டுத் திரையில் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் வெள்ளையாகவே இருக்கிறதா, சிவப்போ நீலமோ ஓரத்தில் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் பிரிந்தால் சரிசெய்வது எளிது. மூலைகளில் மட்டும் பிரிந்தால், குழாயின் கழுத்துப் பகுதியில் காந்தப் பட்டைகளை ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது பொறுமையும் அனுபவமும் வேண்டும் வேலை. அடுத்து, முழுச் சிவப்புத் திரையைப் போட்டு நிறம் எங்காவது திட்டாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் டிகாஸ் (குழாயில் ஏறிய காந்தத்தை நீக்கும்) பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய உடனே மறுபடி அழுத்துவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தடை ஆறிய பிறகே அது மீண்டும் முழு வலுவுடன் வேலை செய்யும். கடைசியாக, மானிட்டரை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கண்ணாடியின் பின்னால் நிலையான எழுத்தோ கட்டமோ பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனை, கண்காணிப்பு அறை ஆகிய இடங்களிலிருந்து வரும் மானிட்டர்களில் ஒரே மெனு ஆண்டுக்கணக்காக நின்ற தடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை டிரினிட்ரான் (சோனியின் படக்குழாய் வகை) குழாய் என்பதால், வெளிர்நிறத் திரையில் குறுக்கே மெல்லிய நிழல் கோடு ஒன்றோ இரண்டோ தெரியும். உள்ளே இருக்கும் செங்குத்துக் கம்பிகள் அதிராமல் பிடித்துக்கொள்ளும் இழைகளின் நிழல் அது. பழுதன்று, விலையைக் குறைத்துப் பேசவும் அதைக் காரணமாக்க வேண்டாம்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஆனோடில் (குழாயின் உயர் மின்னழுத்த முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கி நிற்கும். அதை வெளியேற்றும் முறையை அறிந்தவர் அருகில் இல்லாமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. தூக்கும்போது கண்ணாடிப் பக்கம் உங்கள் மார்பை நோக்கி இருக்கட்டும். எடையில் பெரும்பகுதி முன்னால் இருப்பதால், மாற்றிப் பிடித்தால் மானிட்டர் கையிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்துவிடும்.

எழுபத்தைந்துஓம்

மானிட்டரைப் பற்றி மேலே சொன்னவர்களுடன் உடன்படுகிறேன். கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படம் கெடுவதும், சில வேளைகளில் கருவியே பழுதாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காம்போசிட்டில் ஒளியளவும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸிலும் பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸிலும் நிறம் ஏறி வருவதால், நுண்ணிய வரைவுகள் நிறமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. நிறங்களின் விளிம்பில் புள்ளிகள் ஊர்வதும் இதனால்தான். எஸ்-வீடியோ இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஆர்ஜிபி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் தந்து, வரி எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஒத்திசைவுச் சிக்னலை நான்காவது கம்பியில் தருகிறது. இந்த நான்காவது கம்பியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

சந்தையில் ஒரே கன்சோலுக்கு மூன்று வகையான ஸ்கார்ட் (21 முனை இணைப்பு) கேபிள்கள் கிடைக்கும். ஒன்று காம்போசிட் வீடியோவையே ஒத்திசைவாக அனுப்பும். ஒன்று லூமாவை (ஒளியளவுச் சிக்னலை) அனுப்பும். ஒன்று சி-சிங்க் எனப்படும் தூய ஒத்திசைவை மட்டும் அனுப்பும். சோனியின் தொழில்முறை மானிட்டர்கள் பொதுவாக மூன்றையும் ஏற்கும். ஆனால் காம்போசிட் வீடியோவை ஒத்திசைவாகப் பயன்படுத்தும்போது, கம்பிகளுக்குத் தனித்தனிக் கவசம் இல்லையென்றால் அதிலுள்ள நிறச் சிக்னல் பக்கத்துக் கம்பிகளில் கசிந்து, ஒரே நிறமான பரப்புகளில் மங்கலான சதுரங்கக் கட்டம் போல் தெரியும். ஒலிக் கம்பியில் கசிந்தால், திரை வெளுக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கி ரீங்கரிக்கும். ஆகையால் தங்கமுலாம் பூசிய முனை என்றெல்லாம் விளம்பரம் செய்வதை விட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொரு கம்பியும் தனிக் கவசமுள்ள மெல்லிய கோஆக்சியலா என்று மட்டும் விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் கன்சோல்களின் புள்ளி வேகம் குறைவு. சூப்பர் நின்டெண்டோவில் அது 5.37 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இந்த வேகத்தில் சாதாரண 75 ஓம் கேபிளும் சிக்னலை முழுமையாகவே கடத்தும்.

இப்போது ஆபத்தானவை. என்டிஎஸ்சி சூப்பர் நின்டெண்டோவின் பின்புற இணைப்பில் மூன்றாம் முனையில் சி-சிங்க் வருகிறது. பால் சூப்பர் நின்டெண்டோவில் அதே மூன்றாம் முனையில், ஸ்கார்ட் தொலைக்காட்சியை மாற்றியமைப்பதற்காக, 12 வோல்ட் வருகிறது. என்டிஎஸ்சிக்கு என்று செய்த சி-சிங்க் கேபிளைப் பால் கன்சோலில் செருகினால், சிறிய மின்னழுத்தத்தையே எதிர்பார்க்கும் மானிட்டரின் ஒத்திசைவு நுழைவில் 12 வோல்ட் போய் விழும். உங்கள் கன்சோல் என்டிஎஸ்சி என்பதால் இப்போதைக்குச் சிக்கல் இல்லை. நாளை நண்பர் ஒருவரின் கன்சோலில் அதே கேபிளைச் செருகிவிடக் கூடாது என்பதால், கேபிளின் மீதே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். மேலும், என்டிஎஸ்சி சூப்பர் நின்டெண்டோவின் கேபிளில் மூன்று வண்ணக் கம்பிகளிலும் 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருக்க வேண்டும். பால் கன்சோலின் கேபிளில் அதற்குப் பதில் தரைக்கு 75 ஓம் மின்தடை இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் படம் மங்கும் அல்லது அளவுக்கு மீறி வெளுக்கும்.

மெகா டிரைவ் தரும் சி-சிங்க் நேரடியாக எடுத்தால் வீடியோ அளவைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். அதை இறக்கும் மின்தடை கேபிளுக்குள் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

ஸ்கார்ட் முனையிலும் இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய முறையிலும் ஜப்பானிய ஆர்ஜிபி-21 முறையிலும் பிளாஸ்டிக் உறை ஒன்றே. 21 முனைகளும் ஒன்றே. கம்பி இணைப்பு மட்டும் வேறு. ஐரோப்பிய முறையில் 20ஆம் முனையில் ஒத்திசைவு உள்ளே வரும். ஜப்பானிய முறையில் அங்கே நீலம் வரும். கேபிள்கள், ஸ்கார்ட்டிலிருந்து பிஎன்சிக்கு (மானிட்டரின் பின்புறமுள்ள வட்ட முனை) மாற்றும் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்குங்கள். ஐரோப்பிய முறையே எளிதில் கிடைக்கிறது.

கதிர்வரி

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டக்கோட்டுத் திரையையும் சிவப்புத் திரையையும் இரண்டு மானிட்டர்களிலும் போட்டுப் பார்த்தேன். 20எல்5-இல் இருண்ட சாம்பல் பச்சையாகவே தெரிகிறது. 20எம்2-இல் கீழ் இடமூலையில் மட்டும் சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. எரிந்து பதிந்த தடம் எதுவும் இல்லை. ஆகவே 20எம்2 என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று ஐயங்கள் மிஞ்சுகின்றன. பிளேஸ்டேஷன் 2-க்கு ஆர்ஜிபி நல்லதா, காம்பொனென்ட் (ஒளியளவும் இரண்டு நிற வேறுபாடுகளும் மூன்று கம்பிகளில் வருவது) நல்லதா? அதன் 480பி ஆட்டங்களை இழந்துவிடுவேனா? முதல் பிளேஸ்டேஷனின் கன்கான் (திரையைக் குறிபார்த்துச் சுடும்) துப்பாக்கி இதில் வேலை செய்யுமா?

நுண்வலை

480பி-க்கு 31 கிலோஹெர்ட்ஸ் வேண்டும் என்பதால் 20எம்2 அதைக் காட்டாது. ஆனால் பிளேஸ்டேஷன் 2-இல் அந்த வசதியைத் தரும் ஆட்டங்கள் சிறு பகுதியே. அவையும் 480ஐ-இல் குறையின்றி ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகத் தேய்ந்த குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. டிரீம்காஸ்ட் கன்சோலின் விஜிஏ (கணினி மானிட்டருக்கான) வெளியீட்டை முக்கியமாகக் கருதுபவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய கணினி மானிட்டரையே சொல்லியிருப்பேன்.

காம்பொனென்ட், ஆர்ஜிபி இரண்டுக்கும் 480ஐ-இல் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. கன்சோலின் அமைப்புத் திரையில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதையே மானிட்டரிலும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பொருந்தாவிட்டால் முகமெல்லாம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். பிளேஸ்டேஷன் 2-இல் முதல் பிளேஸ்டேஷன் வட்டுகளை ஆடினால் காம்பொனென்ட் வழியாகவும் 240பி வரும். புதிய தட்டைத் தொலைக்காட்சிகள் பல அதை 480ஐ என்று எண்ணிக் குழம்பும். உங்கள் மானிட்டருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கன்கான் வேலை செய்யும். அந்தத் துப்பாக்கி, கதிர் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காம்போசிட் சிக்னலிலிருந்து கணக்கிடுகிறது. எனவே படத்தை ஆர்ஜிபி-யில் பார்த்தாலும், துப்பாக்கியின் மஞ்சள் முனைக்குக் காம்போசிட் போய்ச் சேர வேண்டும். காம்போசிட்டைத் தனியே வெளியே எடுத்துத் தரும் பிளேஸ்டேஷன் ஆர்ஜிபி கேபிள்கள் கிடைக்கின்றன. அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். திரையின் வெளிச்சத்தையும் சற்று ஏற்றி வைக்க வேண்டியிருக்கலாம்.

எழுபத்தைந்துஓம்

இணைக்கும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்ஜிபி-க்கு மாறியதும் படம் உருண்டுகொண்டோ சாய்ந்தோ இருந்தால், பதற்றப்படாமல் முன்பலகையில் வெளி ஒத்திசைவுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒத்திசைவு தனிக் கம்பியில் வருகிறது என்பதை மானிட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். காம்பொனென்ட்டில் ஒத்திசைவு ஒளியளவுக் கம்பியிலேயே வருவதால், அப்போது அந்தப் பொத்தானை விடுவித்துவிட வேண்டும்.

படம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தால் 75 ஓம் முடிப்பு (கம்பியின் இறுதியில் இருக்க வேண்டிய மின்தடை) இல்லை என்று பொருள். மங்கியிருந்தால் இரண்டு இடத்தில் முடிப்பு இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு நுழைவுக்கும் அருகில் ஒரு வெளியீட்டு முனையும் இருக்கும். அதிலிருந்து சிக்னலை இன்னொரு கருவிக்குக் கடத்தலாம். சங்கிலியின் கடைசிக் கருவியில் மட்டுமே முடிப்பு இருக்க வேண்டும். இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு, சுவிட்சால் நாமே மாற்ற வேண்டியவையும் உண்டு. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் திருகிச் சரிசெய்ய முயல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒலியை மானிட்டருக்கு அனுப்ப வேண்டாம். உள்ளே இருப்பது ஒற்றைச் சிறு ஒலிபெருக்கி. அது ஒலி வருகிறதா என்று தொழில்நுட்பர் அறிந்துகொள்ள வைத்தது. ஸ்கார்ட் இணைப்பிலிருந்து இரண்டு ஒலிக் கம்பிகளையும் தனி ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோங்கள். மெகா டிரைவ் முதல் மாடலின் பின்புற இணைப்பில் ஒற்றை ஒலி மட்டுமே வரும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்புற ஹெட்ஃபோன் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கான தனி ஒலிக் கம்பியுடன் வரும் கேபிளையே வாங்கிவிட்டால் வேலை மிச்சம்.

சாலிடர்முனை

மூலையில் மயிரிழை விலகல் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆடும் தூரத்திலிருந்து அது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மானிட்டரைப் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு அருகே வைக்காமல், பின்புறக் காற்றுத் துளைகள் சுவரை ஒட்டாமல் வைத்து, இடம் மாறிய உடன் ஒருமுறை டிகாஸ் செய்யுங்கள். நிறத்தைச் சரிசெய்ய நீலம் மட்டும் என்ற பொத்தான் இருக்கிறது. காம்போசிட்டில் வண்ணப் பட்டைத் திரையைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தி, பட்டைகளின் நீல அளவு ஒன்றுக்கொன்று சமமாகத் தெரியும்வரை நிறத்தையும் சாயலையும் திருப்பினால் போதும். ஆர்ஜிபி-யில் நிறம் கன்சோலிலிருந்து பிரிந்தே வருவதால் அங்கே இந்தத் திருகுகளுக்கு வேலை இல்லை. ஆர்ஜிபி-யிலும் சாம்பல் சாயலேறித் தெரிந்தால் மட்டும், வெள்ளைச் சமநிலையை எப்படி அளப்பது என்று இங்கேயே கேளுங்கள். படிப்படியாக எழுதித் தருகிறேன்.